பால் குடிக்கும்போது வியர்க்கும் குழந்தை

பிறந்தபோது நன்றாகப் பால் குடித்த குழந்தை, ஒரு மாதம் கழிந்ததும் நாலு மடக்கு குடித்துவிட்டு வாயை எடுத்து மூச்சு வாங்குகிறது. குடிக்கும்போதே தூங்கிப்போகிறது, அரை மணியில் பசித்து அழுகிறது. நெற்றி வியர்க்கிறது. கொல்லிமலையின் செம்மேட்டுக் குளிரில் பச்சைக் குழந்தைக்கு நெற்றி வியர்த்தால், பழியை வெயில்மேல் போட முடியாது.

இதயத்தின் கீழறைகள் இரண்டுக்கும் நடுவே உள்ள சுவரில் பெரிய ஓட்டை இருந்தால் நோய் பெரும்பாலும் இப்படித்தான் தலைகாட்டும். ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ 8 பேர் ஏதோ ஓர் இதயக் குறையோடு பிறக்கிறார்கள். அவற்றில் அதிகம் காணப்படுபவற்றுள் ஒன்று இந்த ஓட்டை. சிறியவை பல தாமாகவே மூடிக்கொள்ளும்.

பிறவியிலேயே இருக்கும் ஓட்டை ஏன் ஒரு மாதம் ஒளிந்திருக்கிறது? கருவறையில் நுரையீரலுக்கு மூச்சு வேலை இல்லை. அதன் ரத்தக்குழாய்கள் இறுகிக் கிடக்கும். பிறந்த பிறகு அவை மெல்ல மெல்லத் தளர, சில வாரங்கள் ஆகின்றன. அதுவரை இதயத்தின் இருபுறமும் அழுத்தம் கிட்டத்தட்ட சமம் என்பதால் ஓட்டை வழியே அதிக ரத்தம் பாய்வதில்லை. அந்தப் பாய்ச்சல் எழுப்பும் முணுமுணுப்பு ஒலியும் மருத்துவரின் காதுக்குக் கேட்காமல் போகலாம். குழாய்கள் தளர்ந்ததும் இடப்பக்க ரத்தம் ஓட்டை வழியாக நுரையீரலுக்குள் பாய்கிறது. நுரையீரல் நலமாக வளர்வதே நோயை வெளியே கொண்டுவருகிறது!

2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்படி, மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வந்து குழந்தைகளைப் பார்க்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் முதல் மாதத்துக்குப் பின் வெளிப்படும் நோய் அடுத்த வருகைவரை காத்திருக்காது. அதை முதலில் காணக்கூடியவள் பால் கொடுக்கும் தாய்தான். “புள்ள சரியா குடிக்க மாட்டேங்குது” என்று அவள் சொன்னால், அதை ஒரு பரிசோதனை முடிவாகவே மதிக்க வேண்டும்.

ஓட்டையை அடைக்கும் அறுவை சிகிச்சை முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் அடங்கும். ஆனால் பல குழந்தைகளுக்கு அதற்கு முன்பு சில வாரங்களோ மாதங்களோ காத்திருப்பு உண்டு. அதற்குள் எடை ஏற வேண்டும். சாப்பிட்டதையெல்லாம் மூச்சும் இதயமுமே எரித்துவிடுகின்றன. பால் உறிஞ்சுவதே இந்தக் குழந்தைக்கு மலையேற்றம். எனவே கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுக்கிறார்கள். உறிஞ்சிக் களைத்தால் தாய்ப்பாலைப் பீய்ச்சிப் பாலாடையில் புகட்டுகிறார்கள். நுரையீரலில் தேங்கும் நீரை வடிக்க, சிறுநீர் பிரியும் மருந்தைச் சொட்டுக் கணக்கில் அளந்து வேளை தவறாமல் தர வேண்டும். தூங்கும்போது மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும்: இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60-ஐ எட்டினாலோ, அதன்பின் ஒரு வயதுவரை 50-ஐ எட்டினாலோ, பால் மறுத்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ உடனே புறப்பட வேண்டும். கொல்லிமலையிலிருந்து அடிவாரக் காரவள்ளிக்கு இறங்க 70 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பதால், விடியட்டும் என்ற எண்ணம் இங்கே ஆபத்து.

இந்த ஓட்டையை இதயத்தைத் திறந்து முதன்முதலில் அடைத்தவர் வால்டன் லில்லெஹை. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில், 1954 மார்ச் 26 அன்று. குழந்தைக்கு ஒரு வயதைக் கடந்து சில வாரங்களே ஆகியிருந்தன. குழந்தையின் இதயமும் நுரையீரலும் செய்யும் வேலையைச் செய்ய அங்கே இயந்திரம் இல்லை. பக்கத்து மேசையில் தந்தையைப் படுக்கவைத்து, அவர் உடம்பின் ரத்தக்குழாய்களைக் குழந்தையின் குழாய்களோடு இணைத்தார்கள். தந்தையின் நுரையீரல் மகனுக்காகவும் மூச்சுவிட்டது. ஓட்டை அடைபட்டது, ஆனால் சில நாள்களில் நிமோனியா குழந்தையைக் கொண்டுபோய்விட்டது. இம்முறையில் 45 பேருக்கு அறுவை செய்தார் லில்லெஹை. 28 பேர் பிழைத்து வீடு திரும்பினார்கள். ஒருவரைக் காக்க இருவரைப் பணயம் வைத்த அந்தத் துணிச்சலை நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது.

அன்று தந்தை செய்த வேலையை இன்று இயந்திரம் செய்கிறது. பொட்டாசியம் கலந்த திரவத்தால் இதயத்தை நிறுத்தி, ஓட்டைமேல் ஒட்டுத்துணியோ இதய உறைச் சவ்வோ வைத்துத் தைக்கிறார்கள். மார்பெலும்பு கூடச் சில வாரங்கள் ஆகும். அதுவரை அக்குளில் கைவைத்துத் தூக்காமல், கழுத்துக்கும் இடுப்புக்கும் அடியில் கைகொடுத்து ஏந்த வேண்டும்.

அந்த ஒட்டு வளராது. அதைச் சுற்றி இதயம்தான் வளர்கிறது; அதன் உள்தோல் ஒட்டின்மேல் படர்ந்து மூடிவிட, சுமார் ஆறு மாதம் ஆகும். அதுவரை கிருமி ஒட்டிக்கொள்ள இடமுண்டு என்பதால், பல் சிகிச்சை போன்ற எதற்காக எந்த மருத்துவரிடம் போனாலும் முதல் வார்த்தையாக இந்த அறுவையைச் சொல்லிவிட வேண்டும்.