‘ஆர்டர் வந்தாச்சு, இன்னும் எதுக்குடா காலேஜு?’ - தேனி கூடைப்பந்து வீரர்கள் முன்னால் நிற்கும் கேள்வி

மே மாதம் வந்தால் பெரியகுளத்தில் ராத்திரிகள் சீக்கிரம் முடியாது. சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி மின்னொளியில் நடக்கும். பி.டி.சிதம்பர சூரியநாராயணன் நினைவுக் கோப்பைக்கான இந்தப் போட்டியைப் பார்க்க கம்பம், போடி, உத்தமபாளையம் பக்கமிருந்தும் ஆட்கள் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். இந்திய அணிக்கு ஆடும் வீரர்களை இவ்வளவு பக்கத்தில் பார்க்கும் வாய்ப்பு பெருநகரங்களில்கூட எல்லோருக்கும் அமைவதில்லை.

கேலரியில் உட்கார்ந்திருக்கும் பள்ளிப் பையன் அங்கே இன்னொன்றையும் கவனிக்கிறான். ஆடும் அணிகளின் பெயர்கள் இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, ஐ.சி.எஃப்., வருமான வரித்துறை, கடற்படை, விமானப்படை, கேரள மின்வாரியம் என்று போகின்றன. பந்து போடும் அண்ணன்கள் எல்லோருமே ஏதோ ஒரு அலுவலகத்தின் ஊழியர்கள். கூடைப்பந்தில் தேறினால் கடைசியில் வந்து சேருமிடம் ஒரு வேலை என்ற கணக்கு பத்து, பன்னிரண்டு வயதிலேயே மனதில் பதிந்துவிடுகிறது.

அந்த வேலை படிப்பு முடிந்த பிறகு வந்தால் பிரச்சினை இல்லை. கல்லூரி இரண்டாம் ஆண்டின் நடுவில் வந்தால்?

அமெரிக்காவில் இது டி.வி. விவாதம்

அமெரிக்கக் கால்பந்தில் குவார்ட்டர்பேக் என்பவர்தான் ஆட்டத்தின் மூளை. கல்லூரி அணியில் கலக்கும் குவார்ட்டர்பேக் படிப்பை முடிக்காமல் தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.லுக்குப் போகலாமா என்று அங்கே ஒவ்வொரு ஆண்டும் பட்டிமன்றமே நடக்கும். பள்ளி முடித்து மூன்று ஆண்டாவது ஆகியிருந்தால்தான் என்.எஃப்.எல். தேர்வுக்குப் பெயர் கொடுக்க முடியும் என்பதால், கேள்வி பெரும்பாலும் கடைசி ஓராண்டைப் பற்றியதுதான்.

அந்த ஓராண்டு என்ன செய்யும் என்பதற்கு இரண்டு பேரைச் சொல்வார்கள். 2004-ல் கல்லூரிக் கால்பந்தின் உச்ச விருதான ஹெய்ஸ்மன் கோப்பையை வென்ற மேட் லைனர்ட், அடுத்த ஆண்டும் கல்லூரியிலேயே ஆடினார். முதல் ஆளாகவே எடுக்கப்படுவார் என்று பேசப்பட்டவர், 2006 தேர்வில் பத்தாவது இடத்துக்கு இறங்கினார். ஆண்ட்ரூ லக் என்பவரும் அதே மாதிரி ஓராண்டு தங்கினார். 2012-ல் முதல் ஆளாகவே எடுக்கப்பட்டார், கட்டடக்கலை வடிவமைப்பில் பட்டமும் வாங்கினார். அடுத்தடுத்த காயங்களால் 29 வயதிலேயே அவர் ஓய்வு பெற்றது தனிக்கதை.

இருவரும் எடுத்தது ஒரே முடிவு, கிடைத்தது வேறு வேறு பலன். ஆனால் இருவருக்குமே எதிரில் ஒரு பணக்கார லீக் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தது. பெரியகுளத்துப் பையனுக்கு அப்படி ஒரு கதவு இருக்கிறதா?

இங்கே ‘புரொஃபஷனல்’ என்றால் என்ன?

கபடியில் இருக்கிறது. 2014-ல் தொடங்கிய புரோ கபடி லீகில் 2017 முதல் தமிழ் தலைவாஸ் அணியும் ஆடுகிறது. 2023 ஏலத்தில் கடைசிப் பிரிவு வீரரின் அடிப்படை விலையே 9 லட்சம் ரூபாய். புதிய இளம் வீரர்களை ஏலத்துக்கு வெளியே தனி ஒப்பந்தத்தில் எடுப்பார்கள். அந்தத் தொகை வேறு.

கூடைப்பந்தில் கதை அப்படியில்லை. 2015-ல் வந்த யு.பி.ஏ. லீக் 2017-க்குப் பிறகு நடக்கவில்லை. பின்னர் இந்தியன் நேஷனல் பாஸ்கெட்பால் லீக் வந்தது, அதில் சென்னை ஹீட் என்ற அணியும் ஆடியது. ஆனால் அதை மட்டுமே நம்பி வாழ்நாள் முழுக்கக் குடும்பம் நடத்தலாம் என்று எந்த பயிற்சியாளரும் பெற்றோரிடம் சொல்ல மாட்டார். லீக் நடக்கும் சில வாரங்களுக்காகக் கல்லூரியில் டி.சி. வாங்கவும் தேவையில்லை. லீவு லெட்டர் போதும்.

ஆக, தேனி மாவட்டக் கூடைப்பந்து வீரருக்கு ‘புரொஃபஷனல்’ என்பது நடைமுறையில் ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலைதான். கல்லூரியை விட்டுப் போகச் சொல்லும் அழைப்பும் அங்கிருந்துதான் வரும்.

கோட்டா எப்படி வேலை செய்கிறது?

மத்திய அரசுத் துறைகள் குரூப் ‘சி’ பணிகளில் நேரடி நியமன இடங்களில் 5 சதவீதம் வரை விளையாட்டு வீரர்களுக்குக் கொடுக்கலாம். இந்தியாவுக்காக ஆடியவர், தேசியப் போட்டியில் மாநிலத்துக்காக ஆடியவர், பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் தன் பல்கலைக்கழகத்துக்காக ஆடியவர், தேசியப் பள்ளி விளையாட்டில் மாநில அணிக்கு ஆடியவர் எல்லோரும் தகுதியானவர்கள். தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு தனியாக இருக்கிறது.

ரயில்வேயில் சம்பள நிலையைப் பொறுத்து விதி மாறும். நிலை 2, 3 பணிகளுக்கு 12-ம் வகுப்பு போதும். அடிப்படைச் சம்பளம் 19,900 அல்லது 21,700 ரூபாய்; அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி தனி. அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டியில் முதல் மூன்று இடத்துக்குள் வந்த அணியில் ஆடியிருப்பது இதற்கான தகுதிகளில் ஒன்று. நிலை 4, 5 பணிகளுக்கு அடிப்படைச் சம்பளம் 25,500, 29,200 என்று ஏறும். அங்கே பட்டப்படிப்பு கட்டாயம், சர்வதேச அளவிலான சாதனையும் வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு போதும் என்கிற வேலைக்கே, கல்லூரியில் சேர்ந்து பல்கலைக்கழக அணியில் ஆடி வாங்கிய சான்றிதழ்தான் பல பேருக்கு ஏணியாக இருக்கிறது. உத்தமபாளையம் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி மாணவர் ஒருவர் மதுரை காமராசர் பல்கலைக்கழக ஜெர்ஸி போட்டு ஆடுகிறார் என்றால், அந்த ஜெர்ஸிக்கு வேலைச் சந்தையில் தனி மதிப்பு இருக்கிறது.

நடுவில் கல்லூரியை விட்டால் அந்த ஜெர்ஸியும் போய்விடும். பல்கலைக்கழகப் போட்டிகளில் முழுநேர மாணவர்கள் மட்டுமே ஆட முடியும், வயதும் 25-ஐத் தாண்டக் கூடாது. அஞ்சல் வழியில் படிப்பவருக்கும் முழுநேர வேலையில் இருப்பவருக்கும் இடமில்லை. ‘வேலையிலும் சேர்ந்துக்கிறேன், யுனிவர்சிட்டி டீமுக்கும் ஆடிக்கிறேன்’ என்ற கணக்கு செல்லாது.

அப்புறம் ஏன் போகிறார்கள்?

விதிகளை மட்டும் பார்த்தால் ‘படிப்பை முடிச்சுட்டுப் போ’ என்று சொல்லிவிடலாம். கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு வீட்டுக்குள் உட்கார்ந்து பேசும்போது அது அவ்வளவு சுலபமில்லை.

முதல் காரணம், காலியிடம். ஓர் அணி ஆள் எடுக்கும்போது பொதுவாக நல்ல வீரர் என்று தேடுவதில்லை. ‘இந்த வருஷம் ஒரு சென்டர் வேணும்’ என்றோ ‘பாயின்ட் கார்டு ரிட்டயர் ஆகிறார்’ என்றோதான் தேடுகிறது. ஆறடி ஆறங்குலப் பையன் ஒருவனுக்கு இந்த ஆண்டு இருக்கும் இடம் அடுத்த ஆண்டு இருக்காது. வேறொரு உயரமான பையன் அதில் சேர்ந்துவிட்டால், அந்த அணிக்கு அடுத்த சென்டர் தேவைப்பட எத்தனை ஆண்டாகும் என்று யாருக்கும் தெரியாது.

இரண்டாவது, முழங்கால். 2022 புரோ கபடி சீசனுக்கு பவன் செராவத்தை 2.26 கோடி ரூபாய்க்குத் தமிழ் தலைவாஸ் எடுத்தது. முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு அந்த சீசன் முழுக்க வெளியே உட்கார்ந்தார். அவர் ரயில்வே வீரரும்கூட. அடுத்த சீசனில் திரும்பி வந்தார், அதற்கு மேலான விலைக்கும் போனார். கல்லூரி மாணவருக்கு அதே காயம் ஏற்பட்டால்? அறுவை சிகிச்சைச் செலவு வீட்டின் தலையில், வேலை தருவதாகச் சொன்ன அணியும் வேறு ஆளைத் தேடிப் போய்விடும்.

மூன்றாவது, வீடு. அப்பா திராட்சைத் தோட்டத்தில் கூலிக்குப் போகிறவர், அம்மா ஜீப்பில் ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போய் வருகிறவர் என்றால், மாதம் பிறந்தால் நிச்சயமாக வரும் சம்பளத்தைத் தட்டிவிட்டுப் படிப்பை முடிக்கச் சொல்ல யாருக்கு வாய் வரும்? பெண் பிள்ளைகள் வீட்டில் கணக்கு இன்னும் வேறு மாதிரி. டிகிரி முடிந்ததும் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கும் வீட்டில், கையில் இருக்கும் நியமன உத்தரவு ஆட்டத்தைத் தொடர்வதற்கான அனுமதிச் சீட்டாகவும் ஆகிறது. சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை தெற்கு ரயில்வேயில் வேலை பார்த்தபடியே இந்தியாவுக்காக ஒன்பது ஆசிய சாம்பியன்ஷிப்களில் ஆடினார், 2021-ல் பத்மஸ்ரீ வாங்கினார். வேலை அவருடைய ஆட்டத்தை நிறுத்தவில்லை.

சத்னம் சிங் சொல்லும் பாடம் எது?

‘சீக்கிரம் போனால் சீக்கிரம் ஜெயிக்கலாம்’ என்பவர்கள் குகேஷைக் காட்டுவார்கள். நான்காம் வகுப்போடு வழக்கமான பள்ளியை நிறுத்தியவர், 18 வயதில் உலக செஸ் சாம்பியன் ஆனார். அது உண்மைதான். ஆனால் செஸ்ஸில் முழங்கால் போகாது. அதோடு, கோடியில் ஒருவரின் கதையை மற்றவர்களுக்கு வழிகாட்டி ஆக்கவும் முடியாது.

கூடைப்பந்தில் பக்கத்தில் இருக்கும் உதாரணம் பஞ்சாபின் சத்னம் சிங். 14 வயதில் அமெரிக்காவின் ஐ.எம்.ஜி. அகாடமிக்குப் போனவர், கல்லூரியில் ஆடாமலே 2015 என்.பி.ஏ. தேர்வுக்குப் பெயர் கொடுத்தார். டல்லஸ் மேவரிக்ஸ் அவரை 52-வது ஆளாக எடுத்தது. இந்தியாவில் பிறந்த ஒருவர் என்.பி.ஏ.வுக்குத் தேர்வானது அதுவே முதல்முறை, நாடே கொண்டாடியது. ஆனால் என்.பி.ஏ.வில் ஓர் ஆட்டம்கூட ஆட வாய்ப்புக் கிடைக்கவில்லை. இரண்டாம் நிலை லீகில் ஆடினார், கனடாவுக்குப் போனார், ஊக்கமருந்து வழக்கில் இரண்டு ஆண்டுத் தடை பெற்றார். இப்போது அமெரிக்காவில் தொழில்முறை மல்யுத்தம் செய்கிறார்.

அவருக்கு உயரம் இருந்தது. ஆட்டம் பழுக்க இன்னும் சில ஆண்டு தேவைப்பட்டது, அந்த ஆண்டுகளைக் கல்லூரி கொடுத்திருக்கலாம் என்பது பலருடைய கணிப்பு. பெரியகுளத்து மாங்காயைப் பறித்து வைத்தாலும் பழுத்துவிடும். கம்பத்துப் பன்னீர் திராட்சையைப் பிஞ்சில் வெட்டினால் புளிப்பு புளிப்புதான். ஒரு பையன் இதில் எந்த ரகம் என்று அவனை தினமும் பார்க்கும் பி.டி. சாருக்குத்தான் ஓரளவு தெரியும்.

எதைப் பார்த்து முடிவெடுப்பது?

முதலில், கையில் இருப்பது என்ன காகிதம்? நிரந்தர நியமன உத்தரவா, ஒப்பந்தமா, இல்லை ‘கேம்புக்கு வா தம்பி, பார்த்துக்கலாம்’ என்ற வாய்வார்த்தையா? பல பையன்கள் கல்லூரியை விட்டது இந்த மூன்றாவதை நம்பித்தான். கேம்பில் ஆறு மாதம் தங்கி, அணிக்கு ஆடிக் கொடுத்து, ஆர்டர் இல்லாமல் ஊர் திரும்பியவருக்கு வருகைப்பதிவும் போயிருக்கும். ராணுவத்தின் அக்னிவீர் வழியில் விளையாட்டு வீரராகச் சேர்வதாக இருந்தால், அது நான்கு ஆண்டுப் பணி என்பதையும் அதில் 25 சதவீதம் பேர் வரைதான் நிரந்தரம் ஆக முடியும் என்பதையும் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போட வேண்டும்.

அடுத்து, எந்த செமஸ்டர்? முதலாண்டு மாணவருக்கும் ஐந்தாவது செமஸ்டரில் இருப்பவருக்கும் ஒரே பதில் பொருந்தாது. ஆறாவது செமஸ்டர் வருகைப்பதிவை முடித்துவிட்டால், மிச்சப் பேப்பர்களை வேலையில் இருந்தபடியே வந்து எழுதலாம். ஆர்டரில் சேர வேண்டிய கடைசித் தேதி இருக்கும். கால நீட்டிப்பு கேட்டு எழுதலாம். கொடுப்பதும் மறுப்பதும் துறையின் கையில். ஆனால் கேட்கலாம் என்பதே பலருக்குத் தெரிவதில்லை.

வயதுக் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். ரயில்வே விளையாட்டு ஒதுக்கீட்டில் வயது 18 முதல் 25 வரை, தளர்வு கிடையாது. 19 வயதில் அவசரப்படும் பையன் 21-ல் டிகிரி முடித்தாலும் நான்கு ஆண்டு மிச்சம் இருக்கிறது. ஆக, ‘இப்ப விட்டா எப்பவுமே கிடைக்காது’ என்பது பாதி உண்மைதான். அந்த அணியில் அந்த இடம் கிடைக்காமல் போகலாம், வேலைக்கான வாசல் மூடிவிடாது. நிரந்தர ஆர்டர் என்றால் போவதில் தவறில்லை. அதற்குக் கீழே எதுவாக இருந்தாலும் கல்லூரியை விடுவது வீண் பணயம்.

போகிறவர்கள் செய்ய வேண்டியது ஒன்று மிச்சம். இக்னோவிலோ தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலோ சேர்ந்து டிகிரியை முடிப்பது. இக்னோவில் பி.ஏ.வை மூன்று முதல் ஆறு ஆண்டுக்குள் முடிக்கலாம். விட்டுவந்த கல்லூரியில் படித்த இரண்டு ஆண்டு அங்கே அப்படியே கணக்கில் வரும் என்று நம்பிவிடாமல், முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது. முப்பது, முப்பத்தைந்து வயதில் ஆட்டம் நிற்கும்போது அதே துறையில் இன்னும் இருபத்தைந்து ஆண்டு சர்வீஸ் பாக்கி இருக்கும். அதுவரை மைதானத்துக்குப் போனவர் இனி தினமும் காலை பத்து மணிக்கு அலுவலக மேசைக்குப் போக வேண்டும். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2-வோ எஸ்.எஸ்.சி.யின் பட்டதாரித் தேர்வோ எழுதி வேறு இடம் பார்க்க நினைத்தால், அந்த விண்ணப்பத்தில் முதலில் கேட்பது டிகிரி எந்த வருஷம் முடித்தீர்கள் என்பதைத்தான்.