சுழிக்கு எத்தனை பொருள்?



விருதுநகர் மாவட்டத்தில் காரியாபட்டிக்கு அடுத்த வட்டம் திருச்சுழி. குண்டாற்றங்கரையில் உள்ள அந்த ஊரின் பெயரிலேயே ஒரு சுழி இருக்கிறது. பெருவெள்ளம் வந்தபோது சிவபெருமான் அதைச் சுழித்துப் பூமிக்குள் இறங்கச் செய்தார் என்பது தலபுராணக் கதை. குண்டாறோ மழை பெய்தால் மட்டுமே ஓடும் ஆறு. மற்ற நாட்களில் வெறும் மணல். அப்படிப்பட்ட ஆற்றங்கரையில் வெள்ளச் சுழியின் பெயரால் ஓர் ஊர்! இந்தச் சின்னஞ்சிறு சொல்லைச் சற்றே துருவிப் பார்ப்போமா?

ஒரு சொல், பல பொருள்

ஆற்றுநீர் வட்டமிட்டு உள்ளே இழுக்கும் இடம் சுழி. உங்கள் உச்சந்தலையில் முடி வட்டமாகப் படிந்த இடமும் சுழிதான். மாட்டுச் சந்தையில் காளையின் உடம்பில் சுழி பார்த்து விலை பேசுவார்கள். மூன்று சுழி ‘ண’, இரண்டு சுழி ‘ன’ என எழுத்திலும் சுழி உண்டு. கடிதத்தின் தலையில் இடுவது பிள்ளையார் சுழி. கணக்கில் சுழி என்றால் பூச்சியம்.

இவற்றுக்கெல்லாம் அடிப்படை ஒன்றே: வளைந்து சுற்றும் கோடு. ஆனால் இன்னொரு பொருளும் இருக்கிறது. “எல்லாம் அவன் தலைச்சுழி” என்று பெரியவர்கள் பெருமூச்சு விடும்போது சுழி என்பது தலைவிதி. முடிச்சுழியைப் பார்த்து எதிர்காலம் சொல்லும் பழக்கத்தோடு ஒட்டி வரும் பொருள் இது.

பொருள் காட்டும் எதுகை

சொல் தனியே நின்றால் எந்தப் பொருள் என்று தெரியாது. பக்கத்தில் நிற்கும் சொற்களே அதைக் காட்டும். செய்யுளில் இந்த வேலையில் எதுகைக்கும் பங்கு உண்டு.

எதுகையின் விதி உங்களுக்குத் தெரிந்ததுதான். இரண்டாம் எழுத்து ஒன்றாக வரவேண்டும். முதலெழுத்து குறிலுக்குக் குறிலாகவும் நெடிலுக்கு நெடிலாகவும் இருக்கவேண்டும். எனவே சுழிக்குக் குழி, வழி, பழி, கழி, மொழி, விழி ஆகியவை எதுகை. ஆழி, நாழி, கோழி ஆகியவற்றில் முதலெழுத்து நெடில். ஆகவே அவை பொருந்தா. துளியும் ஒளியும் பொருந்தா. ழகரம் வேறு, ளகரம் வேறு. நம் தென்மாவட்டப் பேச்சில் இரண்டும் ஒன்றாகவே ஒலிப்பதால் காது ஏமாறலாம்; எழுத்து ஏமாறாது.

இனி ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பாருங்கள். சுழி, குழி என்றதும் மனம் ஆற்றுக்குப் போகிறது. சுழி, கழி என்றால் கணக்கு நோட்டுக்கு. சுழி, மொழி என்றால் எழுத்துக்கு. சுழி, பழி என்றால் விதிக்கு. எதுகையைத் தேர்ந்தெடுப்பவர் பொருளையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறார்.

நம் நூல்களும் இவ்விரண்டையும் அருகருகே வைத்தன. மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டில், ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைக் கூறும் பதினோராம் தொகுதி எதுகை வரிசையில் அமைந்தது. இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் 1732இல் தொகுத்த சதுரகராதியில் பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகள் உண்டு. சொல்லின் பல பொருள்களை முதற்பகுதியில் காணலாம்; எதுகைச் சொற்களை நான்காம் பகுதியில் தேடலாம்.

நீர் ஏன் குழிகிறது?

சுழிக்குக் குழி எதுகை மட்டுமன்று. இயற்பியலும் அவ்விரண்டையும் சேர்த்தே வைக்கிறது. ஒரு பெரிய புனலின் அடித்துளையை விரலால் அடைத்து நீர் நிரப்புங்கள். குச்சியால் இலேசாகக் கலக்கி, இரண்டு காகிதத் துணுக்குகளைப் போட்டு, விரலை எடுங்கள். ஓரத்தில் மெல்லச் சுற்றிய துணுக்கு, நடுவை நெருங்கும்போது பம்பரமாகச் சுற்றும்.

கோண உந்தம் மாறாமல் இருப்பதே காரணம். உராய்வை விட்டுவிட்டுப் பார்த்தால், நடுவிலிருந்து தொலைவு பாதியானால் சுற்றும் வேகம் இரு மடங்காகும். 100 செ.மீ. தொலைவில் நொடிக்கு 10 செ.மீ. வேகத்தில் சுற்றும் நீர், 10 செ.மீ. தொலைவுக்கு வரும்போது நொடிக்கு 100 செ.மீ. வேகம் பெறும். வேகம் மிகுந்த நடுப்பகுதியில் அழுத்தம் குறைகிறது, நீர்மட்டம் பள்ளமாகிறது.

மடையின் மேல் ஒரு சுழி

கண்மாய் மடையைத் திறந்தால் அதற்கு மேலே இதே சுழி தோன்றுவதுண்டு. பார்வைக்கு அது ஒரு சாண் பள்ளம்தான். கீழே நடப்பதைக் கணக்கிடுவோம். மடைவாய் 30 செ.மீ. சதுரம், அது 2 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது என்று கொள்ளுங்கள். பரப்பு 0.09 சதுர மீட்டர். அதே பரப்பும் 2 மீட்டர் உயரமும் உள்ள நீர்த்தூணின் கன அளவு 0.18 கன மீட்டர். எடை 180 கிலோ. நீந்தும் ஒருவனின் உடல் அந்த வாயை அடைத்துக்கொண்டால், ஏறக்குறைய அத்தனை எடைக்குச் சமமான விசை அவனை அங்கேயே அழுத்திப் பிடிக்கும். கைதேர்ந்த நீச்சல்காரனாலும் அதை எதிர்த்து மீள்வது அரிது.

மழைக்குக் காத்துக் கிடக்கும் வறண்ட சீமையில் கண்மாய் பெருகினால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். நீரோடு பழகியிராததால் அதன் குணம் அவர்களுக்குத் தெரிவதில்லை. விபத்து நேர்ந்தபின் “அவன் தலைச்சுழி” என்று சொல்லிவிடுவது எளிது. சொல் சரிதான், தேர்ந்தெடுத்த பொருள்தான் தவறு. தலைச்சுழி என்பது, கருவில் இருக்கும்போதே மயிர்க்கால்கள் சாய்ந்து அமைந்த விதம். பெரும்பாலோருக்கு ஒன்று, சிலருக்கு இரண்டு. அதற்கு ஆயுளும் தெரியாது, கல்யாணமும் தெரியாது. ஆளை இழுப்பது மடைச்சுழி. விதி என்று எண்ணினால் செய்வதற்கு ஒன்றுமில்லை. நீரென்று அறிந்தால் தப்ப வழியுண்டு.

ஆகவே கண்மாயில் இறங்குமுன் மடை திறந்திருக்கிறதா என்று பெரியவர்களிடம் கேளுங்கள். திறந்திருந்தால் மடைப் பக்கம் போகவே வேண்டாம். யாராவது சிக்கிக்கொண்டால் நீங்களும் குதிக்காதீர்கள். உரக்கக் கூவி ஆட்களை அழையுங்கள்.

உங்களுக்கு ஒரு வேலை: அடி, படி, மடி ஆகிய மூன்றும் எதுகைச் சொற்கள். ஒவ்வொன்றுக்கும் எத்தனை பொருள் உண்டு? அகராதியைத் திறக்குமுன் வீட்டில் பாட்டியிடம் கேட்டுப் பட்டியல் போடுங்கள். எது நீளம் என்று பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள்!