உங்களுக்குத் தெரியுமா? வரி இறங்கினால் விலை இறங்குமா?

● பின்லாந்தில் 2007 ஜனவரியில் முடிதிருத்தும் கடைகளுக்கான வரி 22 சதவீதத்திலிருந்து 8 ஆனது. கடைக்காரர்கள் பலர் விலைப் பலகையைத் தொடவே இல்லை. 2012இல் அதே வரி 23 ஆனதும் பலகைகள் மளமளவென்று மாறின. வரி இறங்கியபோது விலை அசைந்ததைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, ஏறியபோது அசைந்ததாம். பொருளாதார ஆய்வாளர்கள் போட்ட கணக்கு இது.

● பிரான்ஸ் கதை இன்னும் ருசியானது. 2009 ஜூலை 1 அன்று உணவகங்களுக்கான வரி 19.6 சதவீதத்திலிருந்து ஒரேயடியாக 5.5 ஆனது. முழுச் சலுகையும் வாடிக்கையாளருக்குப் போயிருந்தால் 100 யூரோ சாப்பாடு 88.21 ஆகியிருக்க வேண்டும். உணவக உரிமையாளர்கள் விலையைக் குறைப்பதாக அரசுக்கு எழுத்திலேயே உறுதி தந்திருந்தார்கள். ஆனால் சராசரியாக இறங்கியது 2 சதவீதம் அளவுக்குத்தான். ஊழியர் சம்பளத்துக்குக் கொஞ்சம் போனது. பாதிக்கு மேல் முதலாளிகளின் கல்லாப்பெட்டியில்.

● பிரிட்டன், 2021 ஜனவரி 1: மாதவிடாய்ப் பொருட்களுக்கு இருந்த 5 சதவீத வரி ரத்து. பெண்களின் கைக்கு வந்தது அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்காது என்றது பின்னர் வந்த ஓர் ஆய்வு.

● நம் ஊர் ஏசி ஹோட்டல்களில் 2017 நவம்பர் 15 முதல் ஜி.எஸ்.டி. 18இலிருந்து 5 சதவீதமானது. 100 ரூபாய் பிரியாணிக்கு அதுவரை 118 கொடுத்தோம். மறுநாள் மெனுவில் 112 என்று போட்டால்? வரியோடு 117 ரூபாய் 60 பைசா. நமக்கு லாபம் 40 பைசா! ஹோட்டல்காரர்களை முழுக்கத் திட்டவும் முடியாது. வாங்கும் சரக்குக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் வசதியை அரசு அதே நாளில் பறித்துவிட்டது. அதற்காக 12 ரூபாய் ஏற்றலாமா என்பது வேறு வழக்கு.

● 2025 செப்டம்பர் 22இல் பிஸ்கட்டுக்கு வரி 18இலிருந்து 5 ஆனபோது, 5 ரூபாய் பாக்கெட் கணக்குப்படி 4 ரூபாய் 45 பைசாவுக்கு வந்திருக்க வேண்டும். பெட்டிக்கடையில் 55 பைசா சில்லறைக்கு எங்கே போவது? அதனால், விலையைத் தொடாமல் எடையைக் கூட்டுவது கம்பெனிகளுக்குத் தோதான வழி.

● வரிக் குறைப்பின் பலனை வாங்குபவருக்குக் கொடுத்தே தீர வேண்டும் என்று நம் ஜி.எஸ்.டி. சட்டத்திலேயே ஒரு பிரிவு உண்டு: எண் 171. அதைக் கண்காணிக்கத் தனி ஆணையமே இருந்தது. 2022இல் அந்த வேலை இந்தியப் போட்டி ஆணையத்திடம் போனது, 2024இல் ஜி.எஸ்.டி. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்திடம். 2025 ஏப்ரல் 1 முதல் புதுப் புகார்களுக்குக் கதவடைப்பு. அந்தச் செப்டம்பரில் ஷாம்பு முதல் சின்னக் கார் வரை வரி இறங்கியதோ, கதவை அடைத்து ஆறு மாதம் ஆகப்போகிற நேரத்தில். விலை இறங்கவில்லை என்று சொல்ல நினைத்தவர்களுக்கு அரசு கைகாட்டியது நுகர்வோர் உதவி எண்ணை: 1915.