இரைப்புக்கு மருந்து ரோட்டிலும் இருக்கிறது!

"தூதுவளை ரசம் வெச்சேன், ஆடாதோடைக் கஷாயம் குடுத்தேன், பிள்ளைக்கு இரைப்பு மட்டும் நிக்கவே இல்லையே டாக்டர்" என்று வருகிற தாய்மார்களிடம் நான் கேட்பது, "ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கு?" என்பதுதான். மெயின் ரோட்டுப் பக்கம் என்றால் மருந்து மட்டும் போதாது. 'அதுக்காக ரோட்டில் வண்டியைக் குறைக்க முடியுமா?' என்கிறீர்களா? ஸ்வீடனின் தலைநகர் ஸ்டாக்ஹோமில் குறைத்துக் காட்டியிருக்கிறார்கள்.

2006 ஜனவரி 3 முதல் ஜூலை 31 வரை ஒரு சோதனை. நகரின் மையப் பகுதிக்குள் கார் நுழைந்தாலும் வெளியேறினாலும் கட்டணம். நேரத்தைப் பொறுத்து 10, 15, 20 குரோனர், இரவில் இலவசம். ஆரம்பத்தில் பெரும்பாலோருக்கு இது பிடிக்கவில்லை.

இதற்கு முன்பே நிபுணர்கள் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் பார்த்திருந்தார்கள். நாங்கள் நோயாளியிடம் பசி, தூக்கம் எல்லாம் விசாரிப்போமே, அதுபோலத்தான் இதுவும். எத்தனை மணிக்குக் கிளம்புவீர்கள், காரா பஸ்ஸா, எவ்வளவு நேரம் ஆகும் என்று ஜனங்களிடம் கேட்டு வைத்த பதில்கள்தான் இந்தக் கணக்குக்கு ஆதாரம். கட்டணம் வந்தால் யார் பஸ்ஸுக்கு மாறுவார், யார் சுற்றுவழியில் போவார், யார் போகாமலே இருந்துவிடுவார் என்று அது சொல்லும். இதில் ஒரு வேடிக்கை. பஸ் ஸ்டாப்பில் காத்திருக்கும் ஒரு நிமிஷம், பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருக்கும் இரண்டு நிமிஷத்துக்குச் சமமாம்! வெயிலில் நின்றவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

வண்டிகள் நன்றாகக் குறையும் என்றது கணக்கு. பலர் நம்பவில்லை. 2005 ஆகஸ்டிலேயே கூடுதல் பஸ் விட்டிருந்தார்கள். அதனால் மட்டும் கார்கள் குறைந்துவிடவில்லை. கட்டணம் வந்ததும் எல்லையைக் கடக்கும் வண்டிகளில் ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போனது! சோதனை முடிந்ததும் பெரும்பகுதி திரும்பி வந்துவிட்டது. அந்த செப்டம்பரில் நடந்த வாக்கெடுப்பில் நகர மக்களில் அதிகம் பேர் கட்டணத்துக்கு ஆதரவாக ஓட்டுப் போட்டார்கள். 2007 ஆகஸ்ட் முதல் அது நிரந்தரம்.

இனிதான் நம் விஷயம். அமெரிக்க, ஸ்வீடன் ஆய்வாளர்கள் பின்னால் கணக்கெடுத்தபோது, காற்றில் மாசு 5 முதல் 15 சதவீதம் குறைந்திருந்தது. சின்னக் குழந்தைகளுக்குத் திடீர் ஆஸ்துமா வந்து ஆஸ்பத்திரிக்கு ஓடுவது ஏறக்குறைய பாதியாகிவிட்டது. ஆனால் உடனே இல்லை, கொஞ்சம் கொஞ்சமாக. நாள்பட்ட இரைப்பு தணிகிற விதமே அப்படித்தான்.

உங்கள் தெருவுக்குக் கட்டணம் வரும்வரை, காலையும் மாலையும் நெரிசல் நேரத்தில் ரோட்டுப் பக்க ஜன்னலைச் சாத்தி வையுங்கள். பள்ளிக்குப் பின்தெரு வழியாக நடத்திக் கூட்டிப் போங்கள். இன்ஹேலரை மட்டும் நீங்களாக நிறுத்திவிட்டுக் கஷாயத்துக்கு மாறிவிடாதீர்கள்.