தெருப்பாட்டும் தொலைக்காட்சிப் போட்டி மேடையும்
(சாத்தான்குளம் வட்டாரக் கலைகளை அடிப்படையாகக் கொண்டதோர் ஆய்வு)

முன்னுரை

தெருவிலும் திருவிழாவிலும் பாடி வாழும் கலைஞர் தொலைக்காட்சியின் போட்டி மேடையில் ஏறி நிற்றல் இந்நூற்றாண்டில் தமிழகம் கண்ட புதுமைகளுள் ஒன்று. 2006ஆம் ஆண்டில் விஜய் தொலைக்காட்சி தொடங்கிய ‘சூப்பர் சிங்கர்’ என்னும் பாட்டுப்போட்டி, பெரும்பாலும் திரையிசைப் பாடல்களையே களமாகக் கொண்டது. அதன் ஆறாம் பருவத்தில், 2018ஆம் ஆண்டில், புதுக்கோட்டை மாவட்டத்தவராகிய நாட்டுப்புறப் பாடகர் செந்தில் கணேஷ் முதலிடம் பெற்றார். அவர்தம் துணைவியாரும் நாட்டுப்புறப் பாடகியுமாகிய இராஜலட்சுமியும் அப்பருவத்தில் போட்டியாளராக நின்றவரே.

இந்நிகழ்ச்சியால் நாட்டுப்பாடல் உயர்வு பெற்றது என்பார் ஒரு சாரார். அது தன் இயல்பை இழந்து விலைப்பொருளாயிற்று என்பார் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றுள் ஒன்றை மட்டும் கொள்ளுதல் எளிது. ஆயின், தெருவில் பிறந்த பாட்டு போட்டி மேடைக்குச் செல்லுங்கால் எதனைக் கொண்டு செல்கின்றது, எதனைத் தெருவிலேயே விட்டுச் செல்கின்றது என்று ஆராய்ந்த பின்னரே முடிவு கூறுதல் முறையாகும். அவ்வாராய்ச்சிக்குத் தூத்துக்குடி மாவட்டத்துச் சாத்தான்குளம் வட்டாரத்தின் கலைகள் ஈண்டு உரைகல்லாகக் கொள்ளப்படுகின்றன.

தெரு என்னும் அரங்கு

‘தெருப்பாடகர்’ என்ற சொல்லைக் கேட்ட அளவில் இரந்துண்டு வாழ்வாரை எண்ணுதல் இக்காலத்தார் வழக்கம். தமிழர்தம் பழைய வாழ்வில் தெரு இழிந்த இடமன்று. இறைவன் உலாப் போந்த இடம் அது. கூத்து நிகழ்ந்த களமும் அதுவே. ‘தெருக்கூத்து’ என்னும் பெயரே இதற்குச் சான்று பகரும். சங்க காலத்துப் பாணரும் பொருநரும் கூத்தரும் விறலியரும் ஊர் ஊராகச் சென்று கலை வளர்த்தோரேயாவர்.

செந்நிறத் தேரி மணலும் பனங்காடும் சூழ்ந்த சாத்தான்குளம் வட்டாரத்தில் இம்மரபு இன்றும் உயிருடன் உள்ளது. கொடை விழாக்களில் வில்லுப்பாட்டும் கணியான் கூத்தும் கரகமும் நிகழ்கின்றன. அணிமையிலுள்ள குலசேகரன்பட்டினத்து முத்தாரம்மன் கோயில் தசராவின்போது, காளி முதலிய பல வேடம் புனைந்த அடியவர், குழுக்களாக மேளத்துடன் தெருத்தெருவாகச் சென்று காணிக்கை பெற்று, அதனைக் கோயிலில் செலுத்துகின்றனர். ஈண்டு, ஆடுவோர் கை ஏந்துதல் வறுமையால் அன்று, வேண்டுதலால் ஆகும். செல்வரும் அக்காலத்தில் தெருவில் நின்று கை ஏந்துவர். ஆதலின், தெருக்கலையை வறியோர் கலையென்று மட்டும் கருதி, அதற்கு ‘வாழ்வளிக்க’ மேடை தருவதாக எண்ணுதல் பிழைபட்ட நோக்கேயாம்.

போட்டி புதியதன்று

நாட்டுக்கலைக்குப் போட்டி பொருந்தாது என்று கூறுவாரும் உளர். அதுவும் ஏற்கத்தக்கதன்று. தஞ்சை வட்டாரத்து லாவணியில், காமன் எரிந்தான் என்பார் ஒரு கட்சியும், எரியவில்லை என்பார் எதிர்க்கட்சியுமாக நின்று, இரவு முழுதும் பாட்டாலேயே வினாவி விடை இறுப்பர். எதிர்க்கட்சியின் வினாவுக்கு விடை கூற இயலாமையே அங்குத் தோல்வி. பாடகரின் குரலினும் அவர்தம் கதையறிவும் உடனடிப் புனைதிறனும் அங்கு மிகுதியாக மதிக்கப்பெறும்.

எனவே, போட்டி என்பது நம் மரபுக்கு அயலானதன்று. எதனை அளக்கின்றனர், எக்கோலால் அளக்கின்றனர் என்பவற்றிலேயே வேறுபாடு அமைகின்றது.

வானொலி முதல் தொலைக்காட்சி வரை

தெருப்பாட்டைக் கருவி வாயிலாகப் பரப்பும் முயற்சி தொலைக்காட்சிக்கு முன்னரே தோன்றியது. கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் வில்லுப்பாட்டில் காந்தியடிகளின் வரலாற்றைப் பாடி, கோயிற் கலையைப் பொதுமேடைக்குக் கொணர்ந்தார். திருநெல்வேலிச் சீமையில் 1928இல் பிறந்த சுப்பு ஆறுமுகம் அவ்வழியை விரிவாக்கி, வானொலியிலும் தொலைக்காட்சியிலும் வில்லிசைத்து, 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்று, 2022இல் மறைந்தார். 1975இல் சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தோன்றியது. கொல்லங்குடி கருப்பாயி ‘ஆண்பாவம்’ (1985) படத்தின் வாயிலாகவும், பரவை முனியம்மா ‘தூள்’ (2003) படத்தின் வாயிலாகவும் நாடறிந்த பாடகியராயினர்.

இந்தியாவின் பிற பகுதிகளிலும் இந்நிலை காணப்படுகின்றது. மேற்கு வங்கத்து இராணாகாட் தொடர்வண்டி நிலையத்தில் பாடிய ரானு மண்டல் என்னும் அம்மையாரின் பாட்டு 2019இல் கைப்பேசிப் படமாகப் பரவ, அவர் இந்தித் திரைப்படத்திற்கே பாடும் நிலை எய்தினார். ஈண்டு நோக்கத்தக்க வேறுபாடு ஒன்றுண்டு. அவர் தெருவில் பாடியது திரைப்பாட்டு. ஆதலின் திரையுலகிற்கு அவர் சென்றபொழுது பாட்டு தன் இடத்திற்கே மீண்டது. கொடைப் பாடகர் மேடைக்குச் செல்லும்பொழுதோ, பாட்டு தன் இடத்தை விட்டு நீங்குகின்றது. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணுதல் கூடாது.

மேடையின் அளவுகோல்கள்

போட்டி மேடையின் அளவுகோல்களை வில்லுப்பாட்டுடன் ஒப்பிட்டு நோக்குவோம்.

முதலாவது, காலம். வில்லுப்பாட்டு காப்பில் தொடங்கி, வருபொருள் உரைத்தல், குருவடி பாடுதல், அவையடக்கம், நாட்டுவளம் எனப் படிப்படியாகச் சென்று கதையுட் புகும். வாழி பாடி முடியும். இதற்கு ஓர் இரவும் போதாமற் போதல் உண்டு. மேலும், கதையில் தெய்வத்தின் பிறப்போ, வீரனின் கொலையோ வருமிடத்தில் கோமரத்தாடியின்மேல் சாமி இறங்கும். அப்பொழுது பாடகர் நடையை விரைவாக்கியும் அடிகளை மீட்டும் மீட்டும் பாடியும் ஆட்டத்திற்கு ஈடுகொடுப்பர். பாட்டின் நீளத்தை அங்கு அறுதியிடுவது கடிகாரமன்று, ஆடுவோனின் அடியேயாம். போட்டி மேடையிலோ சில நிமிடங்களுள் பாட்டு முடிதல் வேண்டும். ஆகவே, கதை கழிகின்றது. கேட்டார் உடனே கைதட்டத்தக்க விரைந்த பகுதி மட்டும் எஞ்சுகின்றது. நாட்டுப்பாட்டு என்றாலே துள்ளல் பாட்டு என்ற தவறான கருத்து இவ்வாறே வேரூன்றுகின்றது. ஒப்பாரியும் தாலாட்டும் நெடுங்கதையும் அம்மேடையில் அருகியே ஒலிக்கக் காண்கிறோம்.

இரண்டாவது, சுருதி. பாடுவோர் சுருதி பிறழாது பாடுகின்றனரா என்பதே நடுவர்தம் முதல் நோக்கு. அவர்க்குத் துணையாக ஒலிப்பன விசைப்பலகை முதலிய மின்னிசைக் கருவிகள். வில்லுப்பாட்டிலோ குடத்தின் ஒலி மண்ணாலும் சூளையாலும் அமைந்தது. உடுக்கையின் ஒலி அதன் கயிற்றை அழுத்தும் விரலுக்கேற்ப ஏறி இறங்குவது. வில்லின் நாண் வீசுகோல் பட்டு மணியோசையுடன் தாளத்தையே தருகின்றது. இக்கருவிகளோடு இயைந்த குரலை வேறு கருவிகளின் அளவால் அளந்து ‘பிறழ்ந்தது’ என்றல், மரக்காலால் துணியை அளப்பது போல்வதாம்.

மூன்றாவது, தனிமை. இதுவே எல்லாவற்றினும் இன்றியமையாதது. வில்லுப்பாட்டு ஒருவர் கலையன்று. அண்ணாவியார் ஓர் அடி பாட, பின்பாட்டுக்காரர் அதனை வாங்கிப் பாடுவர். அவர் கதை கூற, இவர் ‘ஆமா’ என்று ஏற்பர். அந்த ‘ஆமா’ என்னும் ஒரு சொல், கேட்போர் அனைவரின் சார்பாக எழுவது. ஐயம் தோன்றுமிடத்து வினாவாகவும், அவலம் தோன்றுமிடத்துப் பெருமூச்சாகவும் அதுவே மாறும். கணியான் கூத்திலும் அண்ணாவியின் பாட்டு, மகுடம் கொட்டுவோர் இருவரும் பெண்வேடம் பூண்டு ஆடுவோரும் இன்றி நிறைவுறாது. போட்டி மேடையோ பாடுவோரைத் தனித்தனியே நிறுத்தி, ஒருவர் தலையில் முடி சூட்டுகின்றது. ஒருங்கு பாடிய கணவனும் மனைவியுங்கூட அங்கே தனித்தனிப் போட்டியாளராகவே எண்ணப்பட்டனர். குடம் அடித்தவர் யார், உடுக்கை ஒலித்தவர் யார் என்று எவரும் கேட்பதில்லை.

மேடை தந்த நன்மைகள்

இவ்வளவும் கூறியமையால் தொலைக்காட்சி மேடையை வெறுத்து ஒதுக்குதல் வேண்டும் என்பது எம் கருத்தன்று. அது தந்த நன்மைகள் கண்கூடு. நாட்டுப்புறப் பாடகர் ஒருவர் கருநாடக இசை பயின்றார்க்கும் திரையிசை பயின்றார்க்கும் நடுவே நின்று, தம் பாட்டாலேயே வென்றமை, ‘இது பயிற்சியில்லார் பாட்டு’ என்ற இழிவுரையை நாணச் செய்தது. சிற்றூர் இளைஞர் தம் பாட்டியர் பாடிய பாட்டை வெட்கமின்றிப் பாட முன்வருதற்கு அது துணையாயிற்று.

வருவாயும் எண்ணத்தக்கதே. கொடைக் காலத்து வருவாயைக் கொண்டு ஆண்டு முழுதும் வாழ்வோர் இக்கலைஞர். 2020இல் பெருந்தொற்றால் கோயில் விழாக்கள் நின்றபொழுது, வேறு வழியின்றி இவர்கள் உற்ற இடர் பெரிது. புகழால் வரும் பொதுமேடை வாய்ப்பு அத்தகைய காலத்தில் ஊன்றுகோலாதல் கூடும். அதனை மறுத்து, ‘தூய்மை கெடாமல் தெருவிலேயே இருங்கள்’ என்று கலைஞர்க்கு அறிவுரை கூற, மாதந்தோறும் ஊதியம் பெறும் நம் போன்றார்க்கு உரிமை யாதுளது?

ஆயினும் ஒன்று கூறுதல் கடன். இக்கடற்கரையில் முத்துக் குளித்தோர் அறிந்த உண்மை அது. ஒரு நல்முத்தின் பின்னே எண்ணிறந்த சிப்பிகள் வாழும் பார் ஒன்று உண்டு. பார் வளம் குன்றியமையாலேயே, 1961க்குப் பின் தூத்துக்குடியில் பழைய பெருமுத்துக்குளிப்பு நின்றது. முத்தை விலைமதிப்போர் பலர். பாரைக் காப்போர் சிலர். கலையும் அத்தகையதே. கொடையும் குழுவும் ஊராரின் செவியும் கூடிய பார் அழியுமாயின், மேடைக்கு அனுப்ப அடுத்த பாடகர் தோன்றார்.

செய்யத்தக்கன

முதலாவதாக, பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் முழு இரவு நிகழ்ச்சிகளை, ஊர், நாள், குழுவினர் அனைவரின் பெயர் ஆகியவற்றுடன் பதிவு செய்தல் வேண்டும். பேராசிரியர் நா. வானமாமலை முத்துப்பட்டன் கதை முதலிய கதைப்பாடல்களைப் பதிப்பித்தமை நமக்கு நல்வழி காட்டியது. ஏட்டில் இருந்ததை அச்சேற்றியது அத்தலைமுறை. பாடுமிடத்துப் பிறப்பதைப் பதிவதே இத்தலைமுறையின் பணி.

இரண்டாவதாக, போட்டி நடத்துவோர் தனிப்பாடகர்க்கேயன்றிக் குழுவினர்க்கும் ஒரு பிரிவு வகுத்தல் வேண்டும். நாட்டுக்கலை அறிந்தார் ஒருவரையேனும் நடுவராக்குதல் வேண்டும். பாட்டு எவ்வூர் வழக்கினது, எவரிடம் கேட்டுக் கற்றது என்பதைத் திரையில் எழுதிக் காட்டல் வேண்டும்.

மூன்றாவதாக, உரிமை பற்றிய அறிவு கலைஞர்க்கு ஊட்டப்பெறல் வேண்டும். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் நிகழ்த்துநர் உரிமை 1994இல் சேர்க்கப்பட்டது; 2012இல் மேலும் விரிவாக்கப்பட்டது. ஆக்கியோன் பெயர் அறியப்படாத பாட்டாயினும், அதனைப் பாடியவர்க்குத் தம் நிகழ்த்துதலின்மேல் உரிமை உண்டு. இதனை அறியாமையால் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டு உரிமை இழப்போர் இனி இலராதல் வேண்டும்.

முடிவுரை

பத்துப்பாட்டுள் நான்கு நூல்கள் கலைஞரை ஆற்றுப்படுத்துவன. பரிசில் பெற்று மீளும் கலைஞன், எதிரே பசியோடு வரும் கலைஞனைக் கண்டு, தான் பெற்றது இன்னதென்று கூறி, வழியும் காட்டி அனுப்புதலே ஆற்றுப்படையின் பொருள். அங்கே ஒருவன் வெற்றி மற்றவனை வெளியேற்றவில்லை. மாறாக, அவனுக்கு வழியாயிற்று. தொலைக்காட்சி மேடையில் வென்றாரை நோக்கி நாம் கேட்கத்தக்க வினாவும் இதுவே: அவர் பெற்ற பரிசில், தேரி மணலில் கொடைப் பந்தலின்கீழ் இன்றும் குடம் அடித்துக்கொண்டிருக்கும் ஒருவர்க்கு வழியாயிற்றா? ஆயிற்று எனின், அம்மேடை தெருவின் நீட்சியாகும். இல்லையெனின், அது தெருவை மறைக்கும் திரையேயாகும். அதனை முதற்கண் உறுதி செய்தல் போட்டி நடத்துவோர் கையிலும், அக்கலைகளை ஆராய்வோமாகிய நம் கையிலும் உள்ளது.