கூர் தீட்டப்பட்டவை ஆணிகளா, நாவுகளா?



"அவரைப் பற்றி உங்களுக்குத் தெரியாதா?" என்று ஒருவர் குரலைத் தாழ்த்திக் கேட்டால், நாம் உடனே காதைச் சாய்த்துக் கொடுக்கிறோம். ஞாயிறு திருப்பலி முடிந்து கோயில் முற்றத்தில் நிற்கும் ஐந்து நிமிடத்திலும் இது நடக்கிறது. அப்படிச் சாய்ந்த காதுகளால், இறந்த பிறகும் அரை நூற்றாண்டுக்கு மேல் கொடியவர் என்ற பெயரைச் சுமந்த ஒரு விளையாட்டு வீரரைப் பற்றி இன்று சிந்திப்போம்.

அவர் பெயர் டை கோப். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 1886ஆம் ஆண்டு பிறந்தவர். அவர் ஆடியது பேஸ்பால். நம் கிரிக்கெட்டைப் போல அதிலும் மட்டையும் பந்தும் உண்டு. பந்தை அடித்தவர் மைதானத்தின் முனைகளை ஒவ்வொன்றாகத் தொட்டு ஓடிவர வேண்டும். அங்கே எதிரணியினர் பந்தோடு காத்திருப்பார்கள். அவர்களிடம் சிக்காமல் இருக்க, தரையில் சறுக்கிக் காலை நீட்டி முனையைத் தொடுவார்கள். காலணியின் அடியில் இரும்பு ஆணிகள் இருக்கும்.

கோப் 1905 முதல் 1928 வரை ஆடினார். 1936ஆம் ஆண்டு அந்த விளையாட்டின் புகழ் மண்டபத்திற்கு முதல் வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது, 226 வாக்குகளில் 222 வாக்குகள் அவருக்குக் கிடைத்தன. மக்கள் கொண்டாடிய பேப் ரூத்துக்கே 215தான்.

ஆனால் பின்வந்த தலைமுறையினர் அறிந்த கோப் வேறு ஆள். ஆணிகளை அரத்தால் கூர் தீட்டி எதிராளியின் காலைக் கிழித்தவர், கறுப்பின மக்களை அடியோடு வெறுத்தவர், ஒரு மனிதனைக் கொன்றும் விட்டவர் என்று கதைகள் பெருகின. இவை எங்கிருந்து வந்தன?

கோப் புற்றுநோயால் நலிந்திருந்த கடைசி நாள்களில், அவருடைய தன்வரலாற்றை எழுதித்தர ஆல் ஸ்டம்ப் என்ற பத்திரிகையாளர் உடனிருந்தார். 1961 ஜூலை மாதம் கோப் இறந்தார். அந்த ஆண்டு முடிவதற்குள், அவரைக் குடிவெறி பிடித்த, துப்பாக்கியோடு திரியும் கிழவராகக் காட்டும் கட்டுரை ஒன்றை ஸ்டம்ப் வெளியிட்டார். 1994ஆம் ஆண்டு ஸ்டம்ப் எழுதிய இன்னொரு நூலும், அவருடைய கதையை வைத்து எடுத்த திரைப்படமும் வெளிவந்தன. மறுப்புச் சொல்லக் கோப் உயிரோடு இல்லை. ஒருவர் எழுதியதை மற்றவர் எடுத்து எழுதினார்; பலர் எழுதியதால் அதுவே உண்மை ஆயிற்று.

பிறகு சார்லஸ் லீர்சன் என்ற எழுத்தாளர் கோப்பைப் பற்றி நூல் எழுத முன்வந்தார். அவரும் கோப்பைக் கொடியவர் என்று நம்பியே தொடங்கினார். ஆனால் பிறர் எழுதியதோடு நிற்காமல், அக்கால நாளேடுகளையும் அரசுப் பதிவேடுகளையும் தேடிப் படித்தார். 2015ஆம் ஆண்டு வந்த அவருடைய நூல் பல கதைகளைக் கலைத்தது. ஆணிகளை மழுங்கடிக்க எல்லாருக்கும் உத்தரவிட வேண்டும் என்று ஆட்டச் சங்கத் தலைவருக்குக் கோப்பே கடிதம் எழுதியிருந்தார். கோப் தாக்கிய கறுப்பினத்தவர் என்று நூல்கள் குறிப்பிட்ட ஒரு விடுதிக் காவலாளி உண்மையில் வெள்ளையர். கொலைக் கதையை ஏற்கெனவே வேறொருவர் சோதித்திருந்தார். சம்பவம் நடந்ததாகச் சொல்லப்பட்ட டெட்ராய்ட் நகரின் மரணப் பதிவுகளில் அப்படி ஒரு சாவே இல்லை.

அப்படியானால் கோப் புனிதரா? இல்லை, நேயர்களே. இங்கேயும் நாம் உண்மையாகப் பேச வேண்டும். 1908ஆம் ஆண்டு தெருவில் தன்னைக் கடிந்துகொண்ட ஒரு கறுப்பினத் தொழிலாளியை அவர் அடித்தார். 1912ஆம் ஆண்டு நியூயார்க்கில், தன்னை இழிவாகப் பேசிய பார்வையாளர் ஒருவரை மேடையில் ஏறிப்போய் உதைத்தார். அந்த மனிதர் விபத்தில் கைவிரல்களில் பெரும்பாலானவற்றை இழந்தவர். இவை நடந்தவை. எந்த நூலும் இவற்றைக் கழுவிவிட முடியாது.

அதே மனிதர்தான் தம் சொந்த ஊரான ராய்ஸ்டனில் மருத்துவமனை எழும்பப் பணம் கொடுத்தார். 1950ஆம் ஆண்டு அது தம் பெற்றோர் பெயரில் திறக்கப்படச் செய்தார். 1953ஆம் ஆண்டு ஜார்ஜியாவின் ஏழை மாணவர்களுக்காகக் கல்வி நிதி ஒன்றை நிறுவினார். கறுப்பின வீரர்கள் பெரிய அணிகளில் ஆடுவதைத் தென்மாநிலத்தார் பலர் எதிர்த்துக் கொண்டிருந்த காலத்தில், 1952ஆம் ஆண்டு அதை வெளிப்படையாக ஆதரித்தார்.

இன்னொன்றும் உண்டு. அவர் பெரிய அணியில் முதன்முதலாகக் களமிறங்குவதற்கு மூன்று வாரம் முன்புதான் அவருடைய தந்தை இறந்தார். இரவில் வந்தவர் அந்நியர் என்று எண்ணிச் சுட்டதாகச் சொன்னவர் கோப்பின் தாய். அப்போது கோப்புக்கு வயது 18. அந்தத் துயரம் அவருடைய கோபத்தை நியாயப்படுத்தாது. ஆனால் வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு ஒரு மனிதரின் உள்ளம் எவ்வளவு குறைவாகத் தெரிகிறது என்பதை அது உணர்த்துகிறது.

புகழ்ந்து கட்டிய கதையும் இகழ்ந்து கட்டிய கதையும் ஒரே தவற்றைத்தான் செய்கின்றன. இரண்டும் மனிதரை ஒற்றை நிறத்தில் பூசிவிடுகின்றன. அப்படிப் பூசினால் கதை சொல்வது எளிது, கேட்பதும் இனிது. கொடியவர் கதைக்கு இன்னொரு வசதியும் உண்டு: அதைக் கேட்கும் நேரத்தில் நாம் நல்லவர்களாகிவிடுகிறோம்!

நம் ஊரில் புத்தகமும் திரைப்படமும் தேவையில்லை. வரன் பார்க்க வந்தவர்களிடம் ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்ன அரைவாக்கியம் போதும். அன்பியக் கூட்டத்தில் கணக்கு எழுதியவரைப் பற்றி எழுந்த ஒரு சந்தேகம் போதும். கைப்பேசியில் வந்ததைப் படிக்காமலே தள்ளிவிட்ட ஒரு விரல் போதும். கோப்புக்காகப் பதிவேடுகளைத் தேட ஒருவர் வந்தார். அந்தப் பெண்ணுக்காக யார் வருவார்?

பொய்ச்சான்று சொல்லாதே என்ற எட்டாம் கட்டளைக்குத் திருஅவை தரும் விளக்கம் நீதிமன்றத்தோடு நிற்பதில்லை. போதிய ஆதாரமின்றிப் பிறரைக் குற்றவாளி என்று தீர்ப்பிடுவது பாவம். பொய் சொல்லி ஒருவர் பெயரைக் கெடுப்பது பாவம். உண்மையான குறையையே தக்க காரணமின்றித் தெரியாதவர்களிடம் பரப்புவதும் பாவம். இதை ஒப்புரவு அருட்சாதனத்தில் அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறலாம். அத்தோடு, கெடுத்த பெயரை இயன்றவரை சீர்செய்யும் கடமையும் நமக்கு உண்டு. திருடிய பணத்தைத் திருப்பித் தருவது போலத்தான் இதுவும்.

ஆகவே இந்த வாரம் ஒன்றைச் செய்வோம். நாம் முழுதாக அறியாமல் யாரைப் பற்றியாவது சொல்லியிருந்தால், அதே ஆள்களிடம் திரும்பிப் போய், "அன்று நான் சொன்னது எனக்கு நிச்சயமாகத் தெரியாது" என்று சொல்வோம். வெட்கமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த ஒரு வாக்கியம், இறந்தவர் ஒருவருக்கு ஐம்பது ஆண்டு கழித்துக் கிடைத்த நீதியை, வாழ்கிறவர் ஒருவருக்கு இன்றே பெற்றுத்தரும்.

நம் நாவைக் காக்கும் அருளை இறைவன் நமக்குத் தருவாராக. ஆமென்.