கிளட்ச் குழாயில் காற்று புகுந்தால்...

பறித்த தக்காளியை விடியுமுன் சந்தையில் சேர்க்க வேண்டிய நேரம். வண்டியின் கிளட்ச் பெடலை மிதித்தால் மெத்தென்று அடிவரை இறங்குகிறது. கியரோ கறகறவென்று இரைகிறதே தவிர விழுவதில்லை. பிளேட் தேய்ந்துவிட்டதென எண்ணிக் கியர் பாக்ஸை இறக்கச் சொல்பவர்கள் உண்டு. பிளேட் தேய்ந்தால் இன்ஜின் இரையும், வண்டி இழுக்காது. பெடல் மெத்தென்று இருந்து கியர் விழாவிட்டால், முதலில் பார்க்க வேண்டியது எண்ணெய்க் குழாயில் புகுந்த காற்றைத்தான்.

எண்ணெயால் இயங்கும் கிளட்சில், பெடலை மிதித்ததும் மாஸ்டர் சிலிண்டர் எண்ணெயைத் தள்ளுகிறது. கியர் பாக்ஸ் பக்கமுள்ள ஸ்லேவ் சிலிண்டர் அந்த அழுத்தத்தால் கிளட்சை விலக்குகிறது. எண்ணெய் அமுங்காது; காற்று அமுங்கும். ஆகவே மிதிக்கும் பலம் குமிழியை நசுக்குவதிலேயே வீணாகிறது. பலமுறை வேகமாக மிதித்ததும் பெடல் இறுகினால் காற்று இருப்பதாகக் கொள்ளலாம்.

காற்றை எடுக்க இருவர் வேண்டும். சமதரையில் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, கைபிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை வைக்கவும். எண்ணெய்க் கிண்ணத்தின் மூடியில் குறித்துள்ள வகை எண்ணெயை (பெரும்பாலும் டாட் 3 அல்லது டாட் 4) புதிய டப்பாவிலிருந்து நிரப்பவும். இவ்வகை எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவதால், திறந்து கிடந்தது உதவாது. இன்ஜின் ஆயிலோ டீசலோ ஊற்றினால் ரப்பர் வாசர்கள் உப்பிக் கெட்டுவிடும்.

ஸ்லேவ் சிலிண்டரின் நிப்பிளில் ஒளிபுகும் குழாயை மாட்டி, மறுமுனையைச் சிறிது எண்ணெய் ஊற்றிய புட்டியில் மூழ்க வைக்கவும். ஒருவர் பெடலை மூன்று நான்கு முறை மெதுவாக மிதித்து, அழுத்தியபடியே இருக்க வேண்டும். மற்றவர் நிப்பிளைச் சிறிது தளர்த்தினால் குமிழிகள் வெளிவரும். நிப்பிளை மூடிய பிறகே காலை எடுக்க வேண்டும். முந்தினால் காற்று மீண்டும் உள்ளே போகும். குமிழி நிற்கும்வரை இவ்வாறு செய்யவும். இடையே கிண்ணம் வற்றினால் செய்த வேலை வீண். வெளிவந்த எண்ணெயைத் திரும்ப ஊற்றக் கூடாது. அது நஞ்சு; குடிநீர்ப் புட்டியில் வைக்கலாகாது. கண்ணில் பட்டால் நிறைய நீரால் கழுவி மருத்துவரிடம் செல்லவும்.

காற்று வழியின்றி உள்ளே வராது. ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையிலும், பெடலின் மேற்பகுதியிலும், குழாய் இணைப்புகளிலும் கசிவு இருக்கிறதா எனப் பார்க்கவும். எண்ணெய் அடிக்கடி குறைந்தால் கசிவு நிச்சயம். அதைச் சரிசெய்யாமல் காற்றை மட்டும் எடுத்தால் சில நாளில் பழைய கதைதான். சில வண்டிகளில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே கிண்ணம். பிரேக் பெடலும் மெத்தென்று இருந்தால் வண்டியை எடுக்கவே கூடாது, மெக்கானிக்கை வரவழையுங்கள். ஒரு நாள் சந்தை போனாலும் பரவாயில்லை; உயிர் பெரிது.